முதலில் ஆசிரியரின் பெட்டி தோற்கட்டும்

சேலம் மாவட்ட உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுக்கும் அலுவலர்களுக்கும் கருத்தாளர்களுக்கும், வணக்கம்.

ஏற்காட்டில் 9, 10ஆம் வகுப்பு எடுக்கும் பட்டதாரி ஆசிரியரின் வேண்டுகோள் இது. பொறியியல் வடிவமைப்புப் பணிகளை, அதாவது ஒரு தேவைக்கான பொருளைப் பிள்ளைகளே திட்டமிட்டுச் செய்து சோதிக்கும் பணிகளை, பாடத்தோடு சேர்த்து நடத்த எங்களைப் பழக்குங்கள். பவர்பாயிண்ட் போட்டு விளக்க வேண்டாம், எங்களையே செய்ய வையுங்கள்.

"அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்கிறோமே" என்பார்கள் சிலர். கண்காட்சித் தெர்மாகோல் காற்றாலை விழாமல் நின்றால் போதும், அது வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. (பாதி கடையில் வாங்கியவை, அது வேறு கதை.) வடிவமைப்புப் பணியில் அளந்து பார்க்க வேண்டும், தோற்றால் காரணம் தேடி, மாற்றிச் செய்ய வேண்டும். காரணம் தேடும்போதுதான் பாடப்புத்தகம் தேவைப்படுகிறது.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். கீழே சேலத்துச் சேகோ ஆலைக் களங்களில் ஜவ்வரிசி காய்கிறது. மேலே சேர்வராயன் மலையில் காபியும் மிளகும். மழை இருட்டினால் இரண்டு இடத்திலும் ஓட்டம்தான். ஆகவே பயிற்சியில் முதலில் எங்களையே ஓர் உலர்த்தும் பெட்டி செய்யச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டி, கறுப்புக் காகிதம், கண்ணாடித்தாள், செலவு 100 ரூபாய்க்குள். ஈரத்துணியை உள்ளே வைத்து, 1 மணி நேரத்தில் எத்தனை கிராம் குறைந்தது என்று ஆய்வகத் தராசில் நிறுக்க வேண்டும்.

சூடு போகக் கூடாதென்று எங்களில் பலரும் பெட்டியை இறுக மூடுவார்கள். உள்ளே வெப்பம் ஏறும், ஆனால் நீராவிக்கு வழியில்லாமல் கண்ணாடித்தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோக்கும், துணி சரியாகக் காயாது. துளை போட வேண்டும். எங்கே? கீழே ஒன்று, மேலே ஒன்று. சூடான ஈரக்காற்று மேல் துளை வழியே போக, கீழ்த் துளை வழியே புதுக்காற்று நுழையும். வெப்பச்சலனமும் ஆவியாதலும் அங்கே தானாக வந்துவிடும். அதே பெட்டியை 20 கொண்டை ஊசி வளைவு கடந்து ஏற்காட்டுக்கு ஏற்றி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்தில் வைத்தால் சேலத்துக் கணக்கு செல்லாது. காற்றே ஈரமாக இருக்கிறது. மலை ஆசிரியர்களும் கீழே உள்ளவர்களும் சேர்ந்து செய்து எண்களை ஒப்பிடட்டும்.

எங்களுக்கு உண்மையில் கடினமானது வாயை அடக்குவது. பிள்ளையின் பெட்டி தோற்கும்போது விடையைச் சொல்லாமல் அடுத்த கேள்வியை மட்டும் கேட்கப் பயிற்சி தேவை. ஒருவர் நடத்த, மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து, எந்தக் கேள்வி உதவியது என்று பேச வேண்டும். பிறகு வகுப்பில் நடத்திவிட்டு, பிள்ளைகளின் பெட்டிகளோடு மறுபடி கூட வேண்டும். ஒருநாள் பயிற்சியில் இது வராது.

10ஆம் வகுப்பில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை என்ற நெருக்கடி இருப்பதால் 9ஆம் வகுப்பில் தொடங்கலாம். பருவத்துக்கு ஒன்று போதும், ஆனால் அந்தப் பாடவேளைகளைப் போர்ஷன் கணக்கிலேயே சேருங்கள். கூடுதல் சுமையாக்கினால் ஆவணத்தில் மட்டும் நடக்கும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலிருந்து யாராவது வந்தால் நல்லது, சொற்பொழிவுக்காக அல்லாமல் எங்கள் சோதனை முறையைக் குறுக்குக் கேள்வி கேட்க.

அடுத்த பயிற்சியை ஏப்ரல் வெயிலில், மொட்டை மாடி உள்ள கட்டடமாகப் பார்த்து வையுங்கள். தராசு நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), ஏற்காடு