பத்து நிமிட வேலைக்கு எவ்வளவு கூலி? நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் எட்டு வருடமாக ஒரு சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். போன மாதம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தபோது, பில்லில் சர்வீஸ் லேபர் 2,300 ரூபாய் என்று இருந்தது. சரி, ஆயில் மாற்றி, பிரேக் கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழேயே ஏசி ஃபில்டர் மாற்றிய லேபர் 380, ஏர் ஃபில்டர் மாற்றிய லேபர் 250. மொத்தத்துக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. "ஏசி ஃபில்டர் மாற்ற எவ்வளவு நேரம் ஆச்சு தம்பி?" என்று கேட்டேன். "சிஸ்டத்துல அந்த ரேட்தான் சார் வருது" என்றார் அந்தப் பையன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் மச்சினன் அதே மாடல் புது வண்டியோடு வந்திருந்தான். அவன் வண்டிக்கு ஏசி ஃபில்டரைக் கடையில் வாங்கி நானே மாட்டினேன். கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் அது மடங்கிக் கீழே தொங்கும். பின்னால் ஒரு நீள மூடி. கிளிப்பை அமுக்கி இழுத்தால் பழைய ஃபில்டர் கையோடு வந்துவிடுகிறது. மடிப்புக்கு மடிப்பு செம்மண், நடுவில் காய்ந்த வேப்பிலை, செத்துப்போன ஒரு தேனீ. புதியதில் காற்று போகும் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டிருப்பார்கள். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே செருக வேண்டும், அவ்வளவுதான். டார்ச் தேடிய நேரத்தையும் சேர்த்துப் பத்து நிமிடம். ஒரு ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை.

உழைப்புக்குக் கூலி கொடுக்கத் தயங்குகிறவன் இல்லை நான். பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் பக்கம் நான் கை வைப்பதே இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் கிடையாது. லிஃப்ட், ஸ்கேனர், கற்றுத் தேர்ந்த கை எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம், மணிக்கு என்ன கூலி என்பதைப் பணம் கட்டுகிறவனிடம் சொல்ல வேண்டாமா?

நான் கிளவ் பாக்ஸைத் திறக்கும்போதே மச்சினன், "மாமா, நாம தொட்டா வாரண்டி போயிடாதா?" என்றான். இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பானட்டையே திறப்பதில்லை. உதிரிபாகங்களையும் கருவிகளையும் வெளியே கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனதெல்லாம் தனிக்கதை. உதிரிபாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும், வெளி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்று அந்த உத்தரவிலேயே இருக்கிறது. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் இன்றைக்கும் புது வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், "இதுக்கு கம்பெனிக்குத்தான் போகணும்" என்று கையை விரிக்கிறார். இருபது வருட அனுபவம் உள்ளவர்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் உங்கள் துறைதான் குழு அமைத்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. அதோடு நின்றுவிடாமல் இதைச் சட்டமாக்குங்கள். ஒவ்வொரு வேலைக்கும் உரிய நேரத்தையும் கூலியையும், வண்டியை விடும்போதே, செய்யப்போகும் வேலைகளை எழுதித் தரும் ஜாப் கார்டில் அச்சடிக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் லேபருக்குள் எந்தெந்த வேலை அடங்கும் என்பதும் அதில் இருக்கட்டும். ஒரே வேலைக்கு இரண்டு இடத்தில் கூலி போடுகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. அந்த கிளவ் பாக்ஸிலேயே வண்டியோடு வந்த கையேடும் இருந்தது. ஏசி ஃபில்டர் பக்கத்தைப் புரட்டினேன். படம் இல்லை, செய்முறை இல்லை. அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும் என்று ஒரே ஒரு வரி. அந்தப் பக்கத்தை முழுதாக அச்சடிக்க வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு கார்க்காரர்