சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "படம் எண்டால் கண்ணாடி, பிள்ளை. ஆனா செய்தி வாசிக்கிறவ கிணத்துக்குள்ள நிண்டு வாசிக்கிற மாதிரிக் கிடக்கு." புது டிவி வந்து இரண்டு கிழமை ஆகவில்லை. அதற்குள் சத்தத்தை நாற்பதில் வைத்துக் கேட்கிறீர்கள், மாமி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார். ரொறன்ரோவில் இருந்து மச்சாள் ஒரு பெரிய செட் அனுப்பப் போகிறாளாம். கீழ்வீட்டுப் பெடியன் ஹோம் தியேட்டர் போடச் சொல்கிறானாம். வாட்ஸப்பில் நீட்டி எழுதினால் நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். மாமி இதை அச்செடுத்துத் தருவதாகச் சொன்னார். இதே கேள்வியை இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

பழி முழுவதும் உங்கள் காதின் மேல் இல்லை. பழைய டிவி நினைவிருக்கிறதா, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய அந்தப் பெட்டி? அதற்குள் ஸ்பீக்கருக்கு இடம் இருந்தது, அது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. இப்போது சுவரில் ஒட்டிக் கிடக்கும் இந்த மெல்லிய சாமானில் ஸ்பீக்கரை வைக்க இடமே இல்லை. சின்னதாக இரண்டு, அதுவும் அனேகமாக நிலத்தைப் பார்த்தபடி அல்லது பின்சுவரைப் பார்த்தபடி. குரல் முதலில் எங்கோ போய் மோதிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. உங்கள் ஹோலில் அது மோதுவதற்கு இடமா இல்லை? நிலம் முழுக்க டைல்ஸ், வெறும் சுவர், கடல் பக்கம் கண்ணாடிக் கதவு. ஒரு சொல் நான்கு பக்கமும் தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு வருகிறது. போதாததற்கு மரைன் டிரைவுக்கு அந்தப் பக்கத்தால் ரயில்.

இனி காது. வயது போகப்போக முதலில் குறைவது உச்சச் சுருதிகளைக் கேட்கும் திறன். அடித்தொனி நன்றாகவே கேட்கும். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரோசைகளின் பலம் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற க, ச, த, ப போன்ற மெய்யோசைகளின் கூர்மை பெரும்பாலும் மேலே, 2,000 ஹெர்ட்ஸுக்கும் அப்பால். பத்து, கத்து, தத்து மூன்றையும் சொல்லிப் பாருங்கள், முதலெழுத்தின் அந்தச் சின்ன வெடிப்பு மட்டும்தான் வித்தியாசம். அது போய்விட்டால் மூன்றும் ஒன்றுதான். "சத்தம் கேட்குது, என்ன சொல்லுறாங்கள் எண்டு விளங்கேல்லை" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். இந்த நிலையில் மொத்தச் சத்தத்தையும் கூட்டினால் அடித்தொனியும் சேர்ந்து கூடும், அது மெய்யோசைகளை இன்னும் மூடிவிடும். (காதையும் ஒருக்கால் டாக்டரிடம் காட்டச் சொல்லி எழுதும்படி மாமி கேட்டார். எழுதிவிட்டேன்.)

நீங்கள்தானே சொல்வீர்கள், யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள ரேடியோவில் இலங்கை வானொலியைப் போட்டால் அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவும் பி. எச். அப்துல் ஹமீதும் கதைக்கிறது முற்றத்தில் நிற்பவனுக்கும் எழுத்தெழுத்தாகக் கேட்டது என்று. அந்த ரேடியோவுக்கு வூஃபர், அதாவது அடித்தொனிக்கென்று தனி ஸ்பீக்கர், இல்லை. குரல் இருக்கிற நடுப்பகுதியை மட்டும் அது ஒழுங்காகச் செய்தது. உங்களுக்கு இப்போது தேவைப்படுவதும் அதுதான். வாங்கப் போகிற சாமானை இந்த ஒரு கண்ணால் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் சூடு கண்டவள். சில வருடங்களுக்கு முன் புறக்கோட்டையில் ஒரு கடையில் 5.1 செட் ஒன்று வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் ஆயிரக்கணக்கான வாட்ஸ், பக்கத்திலேயே சின்னதாகப் 'பிஎம்பிஓ' என்று இருந்தது. அந்த நான்கு ஆங்கில எழுத்தைக் கண்டால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். ஒரு கணத்தில் ஒரு துடிப்புக்கு என்று கணக்குப் பண்ணி ஊதிய எண் அது. தொடர்ந்து தரக்கூடிய வலுவை 'ஆர்எம்எஸ்' என்று போடுவார்கள். அதையும் நம்ப மனமில்லை என்றால் சாமானைத் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பின்னால் எழுதியிருக்கும். சுவரிலிருந்து 60 வாட்ஸ் எடுக்கிற பெட்டி 5,000 வாட்ஸ் எப்படித் தரும்? அது மட்டுமில்லை, வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். உங்கள் ஹோலுக்கு நல்ல 100 வாட்ஸே அதிகம்.

அந்த செட்டின் கதை இப்படி முடிந்தது. பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் வயர் இழுத்ததில் அம்மா ஒருநாள் கால் தடக்கி விழப் பார்த்தார். வூஃபர் எல்லாவற்றுக்கும் 'தும் தும்' என்றது, காலநிலை அறிக்கைக்கும்கூட. இப்போது அதன் மேல் மணிபிளான்ட் வைத்திருக்கிறேன். செடி நன்றாக வருகிறது.

உங்களுக்குப் பின் ஸ்பீக்கர் வேண்டாம். நீங்கள் பார்ப்பது செய்தி, மாமி பார்ப்பது நாடகம், இரண்டுக்கும் வருவது அனேகமாக இடம், வலம் என்ற இரண்டு தடம்தான். பின்னால் நிற்பவர்கள் சும்மா நிற்பார்கள், அல்லது இல்லாததை உண்டாக்கிக் காட்டுவார்கள். பெட்டிகளில் எழுதியிருக்கும் எண்களில் முதல் எண் காதுமட்டத்து ஸ்பீக்கர் தடங்கள், புள்ளிக்குப் பிறகு வருவது வூஃபர், மூன்றாவது ஒன்று இருந்தால் அது கூரைக்கு. 2.1 என்றால் நடுவில் ஆள் இல்லை. 3.1 என்றால் இடத்துக்கும் வலத்துக்கும் நடுவே குரலுக்கென்றே தனி ஸ்பீக்கர் உண்டு. படங்களில் வசனம் பெரும்பாலும் இந்த நடுத்தடத்தில்தான் வரும், அதை மட்டும் தனியாகக் கூட்டவும் முடியும். இரண்டு தடச் செய்தியிலும் பல பெட்டிகள் குரலைப் பிரித்து நடுவுக்கு எடுத்துத் தரும். ஆகவே உங்களுக்கு 3.1 சவுண்ட் பார் (டிவிக்குக் கீழே வைக்கிற நீளமான ஸ்பீக்கர் பெட்டி), குரலைத் தனியாக உயர்த்தும் பொத்தான் ரிமோட்டிலேயே இருக்க வேண்டும். மெனுவுக்குள் நான்கு படி இறங்கித் தேட வேண்டிய இடத்தில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

கடையில் 'அட்மோஸ்' என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். டொல்பி நிறுவனம் 2012இல் திரையரங்குகளுக்காகக் கொண்டுவந்தது, மேலிருந்தும் சத்தம் வருவதுபோல் காட்டும். சவோயில் படம் பார்க்க அது நல்லது. வீட்டில், பாரின் மேல்பக்கத்தில் இருக்கிற ஸ்பீக்கர் சத்தத்தைக் கூரைக்கு எறிந்து திருப்பி எடுக்கும். தொடர்மாடியின் தட்டைக் கொங்கிறீட் கூரைக்கு அது சரிவரும், ஊரிலுள்ள ஓட்டுக்கூரைக்குச் சரிவராது. இரவுச் செய்திக்கு எதற்கு அது? இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று காசு கூடக் கொடுக்காதீர்கள்.

வயர் விஷயம் சின்னது, ஆனால் பிழைத்தால் தலையிடி. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டைகளில் ஒன்றில் மட்டும் 'ஏஆர்சி' அல்லது 'ஈஏஆர்சி' என்று எழுதியிருக்கும், டிவியின் சத்தம் வெளியே பாருக்குப் போகிற வழி அது. பாரின் வயர் அதற்குள்தான் போக வேண்டும், சனல் வருகிற பியோ டிவி பெட்டி மற்றதற்குள். ஏஆர்சி 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 தரத்தோடு வந்தது, ஈஏஆர்சி 2017இன் 2.1 தரத்தோடு. பழையதே உங்களுக்குப் போதும், நெட்பிளிக்ஸ் தருகிற அட்மோஸ்கூட அதற்குள் அடங்கும். பிறகு டிவி செட்டிங்கில் சிஇசி என்பதை, அதாவது ஒரே ரிமோட்டால் இரண்டையும் இயக்குகிற வசதியை, ஒன் பண்ண வேண்டும். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதன் பிறகு டிவி ரிமோட் ஒன்றே போதும், மாமி இரண்டாவது ரிமோட்டைத் தேடி செற்றிக்கு அடியில் குனிய வேண்டியதில்லை. ஒப்டிக்கல் வயரில் சத்தம் போகும், கூட்டு குறை என்ற கட்டளை போகாது. புளூடூத்தில் வாய் ஒரு நேரம் அசையும், குரல் இன்னொரு நேரம் வரும்.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? அங்கே போட்டுக் காட்டுவது எப்போதும் கார் வெடிக்கிற காட்சி. வெடிப்பில் எல்லாப் பெட்டியும் சூரன்தான். நீங்கள் உங்கள் போனில் இரண்டு விஷயம் கொண்டு வாருங்கள். ஒன்று, யாராவது ஒருவர் சும்மா கதைக்கிற பதிவு, பின்னணி இசை இல்லாமல். மற்றது, நீங்கள் எப்போதும் கேட்கிற யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. வலந்தலையில் (தவிலின் வலப்பக்கத்தில்) விரலில் மாட்டிய கூடு விழுகிறபோது ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, காய்ந்த விறகு முறிவதுபோல் கேட்க வேண்டும். வேகம் கூடுகிற இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டினால் அந்தப் பெட்டிக்குக் கூர்மை போதாது, செய்தி வாசிப்பவரின் மெய்யெழுத்தும் அதில் அப்படித்தான் ஒட்டும். தொப்பியில் (இடப்பக்கத்தில்) கழி விழுகிறபோது அடி விழுந்து அடங்க வேண்டும். விழுந்த பிறகும் 'ம்ம்ம்' என்று இழுத்தால் அது வூஃபரின் சத்தம், தவிலின் சத்தம் இல்லை. கடைக்காரர் சத்தத்தைக் கூட்டப் பார்ப்பார், குறைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மாமி படுத்த பிறகு கேட்கிற அளவில் கேட்டால்தான் உண்மை தெரியும்.

மச்சாள் அனுப்பும் செட்டைப் பற்றி. அவளுக்கு இன்று இரவே போன் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். கனடாவில் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. பாரின் அடப்டரில் '100-240' என்று இருந்தால் பயமில்லை. ஆனால் வூஃபருக்குள் இருக்கும் பவர் சப்ளை பல செட்களில் 120க்கு மட்டும்தான். இங்கே குத்தின அன்றே புகையும், வாரண்டி கேட்டு ரொறன்ரோவுக்கா போவது? பிள்ளைக்கு ஆசை, மனம் நோகாமல் சொல்லுங்கள். காசாக அனுப்பினால் இங்கே ஏஜென்ட் வாரண்டியோடு வாங்கலாம்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்று எங்கள் மாடியில் கரண்ட் போனதைவிடத் திரும்பி வந்தபோதுதான் பயந்தோம். டிவியும் பாரும், கரண்ட் திடீரென்று எகிறினால் தடுக்கிற ஒரே சேர்ஜ் கார்ட்டில் இருக்கட்டும். ஐப்பசி இடிக்கு அதை நம்ப வேண்டாம், பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

வைக்கிற இடம்: உங்களுடையது 55 அங்குல டிவி, அகலம் ஏறக்குறைய 48 அங்குலம், ஆகவே பார் நான்கு அடிக்குள் இருக்க வேண்டும். டிவிக்கு நேர் கீழே, மேசையின் முன்விளிம்புக்கு வரும்படி வையுங்கள். தட்டுக்குள் தள்ளிவிட்டால் மறுபடியும் கிணறுதான். டிவியின் ரிமோட் கண்ணை மறைக்கிறதா என்றும் பாருங்கள். வூஃபரை மூலையில் வைக்காதீர்கள், மூலை அடித்தொனியைப் பெருக்கும். அடியில் தடித்த ரப்பர் ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் ஹோம் தியேட்டர் கேட்ட அந்தக் கீழ்வீட்டுப் பெடியனே முறைப்பாட்டோடு மேலே வருவான். கடல் பக்கக் கதவுக்குக் கிட்டவும் வேண்டாம், உப்புக்காற்றில் உங்கள் மின்விசிறிக்கு நடந்ததை மறந்துவிட்டீர்களா?

இதற்கெல்லாம் முன், சல்லி செலவில்லாமல் இரண்டு வேலை. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் பேச்சைத் தெளிவாக்கும் முறை ஒன்று இருக்கும், அதைப் போட்டு, சரவுண்ட் என்று எதுவும் இருந்தால் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிக் கதவுக்குத் தடித்த கர்டினும், செற்றிக்கு முன்னால் அலுமாரிக்கு மேல் சுருட்டிக் கிடக்கிற அந்தக் கார்ப்பெட்டும் போடுங்கள். இந்தக் கிழமை அப்படிக் கேட்டுப் பாருங்கள். அதிலேயே திருப்தி என்றால் கடைக்கே போகத் தேவையில்லை, மாமியுடன் நல்ல கடையில் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

திருப்தி இல்லை என்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா வாசலில் நிற்பேன். 100 பஸ்ஸில் ஏறுங்கள், ஆட்டோக்காரனோடு விலை பேசி நேரத்தை விடாதீர்கள். டிவியின் கால் இரண்டுக்கும் இடையிலான அகலத்தை அளந்து ஒரு துண்டில் எழுதி வாருங்கள். தவில் போனில் இருக்கிறதா என்று புறப்பட முன் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். போன தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்,
தெஹிவளை