விலைப் பட்டியலின் பின்பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எனக்கு வயது 71. கும்பகோணத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருடமாகக் கேமராவும் கையுமாக அலைபவன். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் போன மாதம் ஆபரேஷன் ஆயிற்று. வலது கண்ணுக்கு வரும் வாரம். அந்தக் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸைத் தேர்வு செய்யப் போன இடத்தில் பட்டதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை, கொடியில் காய்ந்த என் வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு நீலம் போட்டு அலசிய வெள்ளை. வலது கண்ணுக்கு டிகாஷனில் முக்கி எடுத்த மாதிரி. புரை முற்ற முற்றக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்கு உறைப்பதில்லை. "ஏன் தாத்தா, குதிரையெல்லாம் நீலமா இருக்கு?" என்று, மஞ்சள் தட்டுகிறதென்று நான் நீலம் கூட்டித் திருத்திய தாராசுரம் கோயில் ராஜகம்பீர மண்டபப் படங்களைப் பார்த்துப் பேத்தி கேட்டபோது, அவளுடைய போனைக் குறை சொன்னேன். பாவம், அவள் சொன்னதுதான் சரி. புரையால் நிறங்கள் மாறித் தெரிந்து, 1923இல் ஆபரேஷன் செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் மோனேவின் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். என் கண்ணுக்கு வந்தபோது தெரியவில்லை!

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். வலது கண்ணில் பழுப்பேறிய லென்ஸை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸைத் தேர்வு செய்ய மருத்துவமனையில் கூப்பிட்டார்கள். ஓர் அட்டையில் மூன்று விலை. "இதைப் போட்டுக்கிட்டா கண்ணாடியே வேணாம் சார்" என்று விலை கூடியதைக் காட்டினார் ஆலோசகர் பெண். நான் என்ன வேலை செய்கிறேன், எதைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமராவில் காட்சியைப் பார்க்கும் வியூஃபைண்டரில் நான் வைக்கும் கண்ணே இந்த வலது கண்தான்.

நானாகப் போய் டாக்டரிடம் கேட்டதில்தான் விளங்கியது. அந்த விலை கூடிய மல்டிஃபோகல் லென்ஸ், வருகிற ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பங்கு போடுகிறது. அதனால் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு, சற்றுக் குறைந்து தெரியலாம். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகவும் சிலர் சொல்வதுண்டாம். சித்திரையில் திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு ஊர்வலத்தை ராத்திரி விளக்கொளியில் எடுக்கிறவனுக்கு இது தோதுப்படுமா? ஒரே தொலைவுக்கு மட்டும் தெளிவு தரும் சாதாரண மோனோஃபோகலைத் தூரத்துக்கு வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். வியூஃபைண்டர் ஓரத்தில் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளச் சின்னச் சக்கரம் இருக்கிறது. பேப்பர் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டால் ஆயிற்று. கண்ணாடியே வேண்டாம் என்கிறவர்களுக்கு மற்றது நல்லதாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

நானாவது பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவன். சுவாமிமலையில் மெழுகில் விரல் நகம் வரை செதுக்கும் ஸ்தபதிக்கும், திருபுவனத்தில் அறுந்த பட்டு இழையைத் தேடி முடிச்சுப் போடும் நெசவாளிக்கும் பிழைப்பே கிட்டத்தில் பார்ப்பதில்தான். மோனோஃபோகலையே கிட்டத்தில் பார்க்க ஏற்ற பவரில் வைத்துக்கொண்டு, தூரத்துக்குக் கண்ணாடி போடவும் வழி உண்டு. இதை அவர்களுக்கு யாராவது சொல்கிறார்களா? ஆபரேஷனுக்குப் பிறகு தெரிந்து என்ன செய்வது, லென்ஸை மாற்றுவது லேசில் ஆகிற காரியமா?

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்ற கேள்வியும், எந்த லென்ஸில் எது தெரியும், எதற்குக் கண்ணாடி வேண்டும் என்று எளிய தமிழில் பத்து வரியும் எல்லாக் கண் மருத்துவமனைகளிலும் வேண்டும். அந்த விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.