ஒன்றல்ல, இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் பழுப்புக் குறுமீன்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். (தலைப்பைப் பார்த்த என் பேத்தி, "அயிரை மீனா தாத்தா?" என்று கேட்டாள். விண்மீன் ஆகும் அளவுக்கு எடை சேராமல் போன வாயு உருண்டை என்று விளக்குவதற்குள் காப்பி ஆறிவிட்டது.) கட்டுரையின் நடை நன்று. என் குறை ஒன்றுதான். கிலீஸ் 229பி என்ற பழுப்புக் குறுமீனின் கதையைக் கட்டுரையாளர் 1995-ஆம் ஆண்டோடு முடித்துவிட்டார். அதன் சுவையான பகுதியோ 2024 அக்டோபரில்தான் வெளிவந்தது.

முயல் விண்மீன் குழுவில், சுமார் 19 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள சிவப்புக் குறுமீன் (இது சிறிய, மங்கலான விண்மீன்தான்) கிலீஸ் 229. அதன் அருகே மங்கலான புள்ளி ஒன்று 1994 அக்டோபரில் கண்ணில் பட்டது. அதுதான் 229பி. பார்த்தது கலிபோர்னியாவின் பலோமர் மலையில் இருக்கும் 60 அங்குலத் தொலைநோக்கி. அப்படியொன்றும் பெரிய கருவி அல்ல. வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பதுபோல், விண்மீனின் ஒளியைச் சிறு தகட்டால் மறைத்துப் பார்த்தார்கள். நாகாஜிமா, ஓப்பன்ஹைமர், நம் நாட்டில் பிறந்த ஸ்ரீநிவாஸ் குல்கர்னி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

உடனே அவர்கள் அறிவிக்கவில்லை. பத்தாண்டுக்கு முன் விபி 8 என்ற விண்மீனுக்கு இப்படியொரு துணை இருப்பதாக அறிவித்து, பிறகு எவர் தேடியும் அது அகப்படாமல் போயிருந்தது. புள்ளி உண்மையிலேயே துணைதானா, அல்லது வெகுதொலைவில் அதே திசையில் தற்செயலாகத் தெரியும் வேறொரு விண்மீனா? தேருக்குப் பக்கத்தில் நிற்பவர் எல்லாம் வடம் பிடித்தவர் அல்லவே. தேர் நகர்ந்த பிறகும் யார் கூடவே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். விண்மீனும் வானில் மெல்ல இடம் மாறுகிறது. ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பார்த்தபோது புள்ளியும் அதனுடனே நகர்ந்திருந்தது. அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்த நிறமாலையில் மீத்தேன் தெரிந்தது. வியாழனில் இருக்கும் அதே வாயு. விண்மீனின் சூட்டில் அது தாக்குப்பிடிக்காது. 1995 அக்டோபரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் நடந்த மாநாட்டில் அறிவித்தார்கள். சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றுவதாகக் கண்டறிந்த முதல் கோளான 51 பெகாசி பி-யை வானியலாளர்கள் மேயரும் கெலோவும் அறிவித்ததும் அதே மாநாட்டில்தான்.

தங்கள் கட்டுரை இங்கே நின்றுவிடுகிறது. பிற்காலத்தில் தாய் விண்மீனின் மெல்லிய தள்ளாட்டத்தை அளந்து இந்தத் துணையின் நிறையைக் கணக்கிட்டார்கள். வியாழனைப்போல் சுமார் 71 மடங்கு வந்தது. அத்தனை நிறையுள்ள ஒன்று இவ்வளவு மங்கலாக இருக்கக் கூடாது. கோட்பாடு பிழையா, தராசு பிழையா? இரண்டும் சரி, எண்ணிக்கைதான் பிழை. சிலியில் உள்ள தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஒற்றைப் புள்ளிக்குள் இருவர் இருந்தது தெரிந்தது. ஒன்று வியாழனைப்போல் 38 மடங்கு, மற்றது 34 மடங்கு. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. இடைவெளி, பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவைப்போல் 16 மடங்குதான். ஏறத்தாழ 12 ஒளியாண்டுத் தொலைவில் எப்சிலான் இண்டி என்னும் விண்மீனுக்கு 2003-இல் கண்டறிந்த துணையும் இப்படி இரட்டையாகவே ஆனது. ஆனால் அந்த இரண்டும் சற்று விலகி நிற்பவை. அதே ஆண்டிலேயே பிடிபட்டுவிட்டன. இங்கே 29 ஆண்டுகள் பிடித்தன.

இன்னொன்று. இத்தகைய பொருள்கள் இருக்க முடியும் என்று 1960-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் வானியலாளர் ஷிவ் குமார். இந்தியாவில் பிறந்தவர். அவர் பெயர் ஓரிடத்திலாவது வந்திருக்கலாம். 'பழுப்பு' என்ற அடைமொழி 1975-இல் வானியலாளர் ஜில் டார்ட்டர் வைத்தது. கண்ணால் கண்ட நிறம் அன்று. அருகில் போய்ப் பார்த்தால் ஊதா கலந்த கருஞ்சிவப்பாகத் தெரியும் என்பதே கணிப்பு. தங்கள் ஓவியரோ கிலீஸ் 229பி-யைக் கடலைமிட்டாய் நிறத்தில் தீட்டி, 'தனித்துச் சுற்றும் துணை' என்று அடியில் குறிப்பும் கொடுத்திருக்கிறார். அடுத்த முறை நிறத்தை மாற்றிவிடுங்கள். பக்கத்தில் இன்னொன்றையும் வரைந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருநெல்வேலி.