நைரோபியிலிருந்து பாலுவுக்கு

அன்புள்ள பாலு,

உன் மெயில் போன வாரமே வந்துவிட்டது, பதில் போடத்தான் நேரம் கிடைக்கவில்லை. மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்த விடாதே. எங்கள் அக்கா அப்படி நிறுத்திவிட்டு இன்றும் மாடிப்படியைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறாள்.

"ஆப்பிரிக்காவில் பணம்கூடப் போனிலேயே அனுப்புகிறார்களாமே, நீ போய் இன்னும் என்னத்தைச் சொல்லிக்கொடுக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. போனில் பணம் அனுப்பும் எம்-பெசா சேவை இங்கே கென்யாவில் 2007இலேயே வந்துவிட்டது. நாம் அப்போது பாங்கில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போனைப் பயன்படுத்த இங்கே யாருக்கும் யாரும் கற்றுத்தர வேண்டாம். அதற்குப் பின்னால் ஓடுகிற கேபிளையும், தகவலுக்கு வழிகாட்டும் ரவுட்டரையும் கட்டி மேய்க்கத்தான் ஆள் பற்றவில்லை. அந்த நெட்வொர்க் பொறியாளர்களுக்கு வகுப்பெடுக்கத்தான் நான் வந்து போகிறேன்.

வகுப்பில் முதல் நாள் நான் கம்ப்யூட்டரைத் திறக்க விடுவதில்லை. ஆளுக்கொரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, "உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கை வரையுங்கள்" என்பேன். கிசுமு நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் பெண் இந்த முறை வந்திருக்கிறாள். வேகமாக நாலு கட்டிடம் வரைந்தாள், நடுவில் எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்ச். அதிலிருந்து நூலகத்துக்கு ஒரு கோடு இழுத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த ஃபைபர் கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், வரைபடம் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. போன மழைக்காலத்தில் நூலகம் ஒரு வாரம் இணைப்பில்லாமல் கிடந்ததாம். எங்கே தோண்டுவது என்றே தெரியாமல் நின்றிருக்கிறார்கள். அறையில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். வெளிநாட்டு உதவியில் விலையுயர்ந்த ரவுட்டர் வந்து இறங்கும், அடுத்த வருஷம் அதன் லைசென்ஸ் காலாவதியாகும். ஒரு சார்ட் பேப்பருக்கு மட்டும் யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள்.

ஆனால் உனக்கு எழுத நினைத்தது வேறு விஷயம். இங்கே வந்து போக ஆரம்பித்த பிறகு எனக்குப் பிடிபட்டது இது: பாடம் பாதிதான். ஒரே ஊரில் போட்டி போடும் நாலு கம்பெனியின் பொறியாளர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்து, சேர்ந்து சப்பாத்தி தின்ன வைப்பது மீதிப் பாதி. (இங்கேயும் சப்பாத்திதான். நம்மூர்க்காரர்கள் ரயில் பாதை போட வந்த காலத்தில் கொண்டுவந்தது என்கிறார்கள். நம் ஹாஸ்டல் சப்பாத்தியைவிட ஆயிரம் மடங்கு மேல்.)

நைரோபியின் கதையையே எடுத்துக்கொள். 2000 வாக்கில் இங்கே கடலடி கேபிள் கிடையாது, எல்லாம் சாட்டிலைட்தான். ஒவ்வொரு இணையக் கம்பெனியும் தனித்தனியாக வெளிநாட்டுக்கு இணைப்பு வாங்கியிருந்தது. அதனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் வேறு கம்பெனி வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் அனுப்பினால் அது 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இறங்கி, மறுபடி மேலே ஏறி நைரோபியில் வந்து இறங்கும். இரண்டு பக்கக் கட்டணமும் டாலரில். ஒரு பாக்கெட், அதாவது ஒரு துண்டுத் தகவல், போய்த் திரும்ப ஒரு வினாடிக்கு மேல் ஆகும். கம்பெனிகள் சேர்ந்து ஒரு அறையில் ஒரு சுவிட்சை வைத்து, உள்ளூர் டிராஃபிக்கை (தகவல் போக்குவரத்தை) அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று 2000 நவம்பரில் கிக்ஸ்ப் என்ற பரிமாற்ற மையத்தைத் தொடங்கினார்கள். இரண்டே வாரத்தில் அதை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது! சர்வதேச இணைப்பில் அப்போது ஏகபோகமாக இருந்த அரசுத் தொலைபேசி நிறுவனம் புகார் கொடுத்திருந்தது. "நாங்கள் நாட்டுக்குள்ளேதானே மாற்றிக்கொள்கிறோம்" என்று வாதாடி, உரிமம் வாங்கி, மறுபடி திறக்க 2002 பிப்ரவரி ஆகிவிட்டது. திறந்ததும் அந்த ஒரு வினாடி, நூறு மில்லிசெகண்டுக்குக் கீழே வந்தது. இன்று கென்யாவின் டிராஃபிக்கில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. 2012இல் 30 சதவீதமாக இருந்தது 2020இல் 70 சதவீதம் ஆனது என்று இன்டர்நெட் சொசைட்டி கணக்குப் போட்டிருக்கிறது.

அந்த சுவிட்சை வைக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை, பாலு. உன் மூன்றாம் வருஷப் பையன் ஒரு மதியத்தில் கட்டமைத்துவிடுவான். போட்டிக் கம்பெனிகள் ஒருவரையொருவர் நம்பியதுதான் கஷ்டமான வேலை.

வேறு வேறு நெட்வொர்க்கின் ரவுட்டர்கள் வழி சொல்லிப் பேசிக்கொள்ளும் மொழியான பிஜிபியே நம்பிக்கையில் ஓடுகிற சமாச்சாரம். "இந்த முகவரிகளுக்கு என் வழியே வா" என்று ஒருவன் அறிவித்தால் பக்கத்துக்காரன் பெரும்பாலும் நம்பிவிடுவான். 2008 பிப்ரவரியில், பாகிஸ்தானில் உள்நாட்டுக்கு மட்டும் யூடியூபைத் தடுக்கப் போட்ட ஒரு பிஜிபி அறிவிப்பு வெளியே கசிந்து, உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூபே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காணாமல் போனது. அதையே நாங்கள் லேபில் செய்து காட்டுகிறோம். ஆறு குழு, குழுவுக்கு இரண்டு ரவுட்டர். ஒரு குழுவின் காதில் மட்டும் ரகசியமாகச் சொல்லி, அடுத்த குழுவின் முகவரியைக் கூடுதல் துல்லியத்தோடு அறிவிக்க வைப்போம். துல்லியமான அறிவிப்பைத்தான் ரவுட்டர் நம்பும். பாதிக்கப்பட்ட குழு பதினைந்து நிமிஷம் தன் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒருவன் எழுந்து, "யாருடா என் முகவரியை அறிவிக்கிறது?" என்று கத்துவான். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. அதன் பிறகுதான் தப்பான அறிவிப்பை வடிகட்டும் ஃபில்டர், முகவரி யாருடையது என்று சரிபார்க்கும் ஆர்பிகேஐ எல்லாம். வகுப்பு முடிவதற்குள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லிங்க் விழுந்தால் ஹெல்ப்லைனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பெயர் சொல்லி எழுப்ப ஆள் இருக்கிறது.

இந்த வேலையை நாங்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகானில் இருந்த ரேண்டி புஷ் என்ற நெட்வொர்க் பொறியாளர், 80களின் கடைசியிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு டெலிபோன் லைனில் டயலப் மோடம் வழியாக மெயில் போக வழி செய்தவர். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓரிகான் பல்கலைக்கழகத்தில், இப்படிப் பயிற்சி கொடுக்கும் என்எஸ்ஆர்சி மையம். கானாவின் நீ குவேனோர் போன்றவர்களின் முயற்சியில் ஆப்பிரிக்க நெட்வொர்க் பொறியாளர்களின் அமைப்பான ஆஃப்நாக் உருவாகி, முதல் பட்டறை 2000இல் கேப்டவுனில் நடந்தது. நம் பக்கத்திலும் 2003இல் காத்மாண்டுவில், தெற்காசியாவுக்கான அதே மாதிரி அமைப்பான சானாக் தொடங்கியது. ஆஃப்நாக்கில் எனக்குப் பிடித்தது, மாணவனாக வந்தவனே பிறகு ஆசிரியனாக வருவது. பிரெஞ்சு பேசும் நாட்டுக்காரர்களுக்கு பிரெஞ்சிலேயே வகுப்பு நடக்கிறது. என்னைப் போல வெளியிலிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறையக் குறைய நல்லது என்பது என் கட்சி.

"கற்றுக்கொடுத்தால் நல்ல சம்பளத்துக்கு ஓடிவிடுவார்களே" என்று நிதி கொடுப்பவர்கள் புலம்புவது உண்டு. ஓடத்தான் செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கற்றவன் மொபைல் கம்பெனிக்கோ பாங்குக்கோ போய்விடுகிறான். அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் அதே ஊரில்தான் இருக்கிறான், அதே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். கனடாவுக்கே போய்விடுகிறவர்களைப் பற்றி என்னிடம் பதில் இல்லை. நம் செட்டில் எத்தனை பேர் ஊரில் இருக்கிறோம், நீயே எண்ணிப் பார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி லேபுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டாய். புது ரவுட்டருக்குக் கொட்டேஷன் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்து. பழைய கம்ப்யூட்டர் பத்து தேற்று, லினக்ஸ் போட்டு எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை நிறுவினால் அதுவே ரவுட்டர். கேபிளும், அதன் முனையில் பிளக்கை மாட்டும் கிரிம்பிங் டூலும் தாராளமாக வாங்கு, பையன்கள் வீணாக்கட்டும். அப்புறம் உங்கள் காம்பஸ் நெட்வொர்க்கையே அவர்களை விட்டு வரையச் சொல். சர்வர் அறைச் சாவி வைத்திருப்பவர் முறுக்கிக்கொண்டால் டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டு.

பொங்கலுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிடுவேன். உன் பையன்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுக்கத் தயார், தேதியை மட்டும் நீ சொல். கல்லூரி கெஸ்ட் ஹவுஸ் வேண்டாம், உன் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன். மதினியைச் சமைக்கச் சொல்லிவிடாதே, நாம் வெளியே பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சங்கரன்