குதிரைகளை அவற்றின் வேகத்தில் ஓடவிடுங்கள்

ஜெர்மன் மௌனப் படங்களைக் காத்துவரும் காப்பகங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்தப் பணிக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

1920களின் தொடக்கத்தில் வந்த குதிரைப்பந்தய சாகச நகைச்சுவைப் படம் ஒன்றின் டிஜிட்டல் பிரதியை உங்களில் ஒரு காப்பகம் அண்மையில் வெளியிட்டிருக்கிறது. எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும். ஐந்து ரீல், 1500 மீட்டர். 73 நிமிடம் ஓடவேண்டிய படம் 55 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. காட்சி எதையும் யாரும் வெட்டவில்லை. வினாடிக்கு 18 ஃபிரேமாக, அதாவது 18 தனித்தனிப் படங்களாக, எடுத்ததை 24 ஃபிரேமாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் கோரிக்கையும் ஒன்றே ஒன்றுதான்: இத்தகைய படங்களை அவற்றுக்குரிய வேகத்தில் வெளியிடுங்கள். அந்த வேகம் எது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதைப் பிரதியுடன் எழுதித் தாருங்கள்.

கையால் சுழற்றிய கேமராவின் வேகத்தை யார் உறுதியாகச் சொல்ல முடியும் என்று இதற்குப் பதில் வருவது வழக்கம். வரவேற்பறையில் நாலு பேர் உட்கார்ந்து பேசும் படத்துக்கு அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளலாம். குதிரைப் படத்துக்கு ஏற்க முடியாது. முழு வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரை வினாடிக்கு ஏறக்குறைய இரண்டேகால் முதல் இரண்டரைப் பாய்ச்சல் போடும். ஒரு முன்னங்கால் தரையைத் தொட்டதிலிருந்து அதே கால் மறுபடி தொடும்வரை ஒரு பாய்ச்சல். அதற்கு எத்தனை ஃபிரேம் என்று எண்ணினால் போதும். ஏழு அல்லது எட்டு வந்தால் கேமரா 18ஐ ஒட்டி ஓடியிருக்கிறது. பத்து வந்தால் 24. அரை மணி நேர வேலை. எண்ணாமல் விட்டதன் விலை என்ன தெரியுமா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டிய குதிரை திரையில் 80இல் பறக்கிறது. எந்தக் குதிரையும் ஓடாத ஓட்டம் அது.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. சாகசப் படக் கேமராக்காரர்கள் பந்தயத்தையும் துரத்தலையும் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி எடுப்பார்கள். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16. ஒன்றரைச் சுற்றாகக் குறைத்தால் 12. அப்படி எடுத்ததைத் திரையிடும்போது ஓட்டம் வேகம் பிடிக்கும். ஆகவே பந்தயக் காட்சியை மட்டும் வைத்துக் கணக்கிட வேண்டாம். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வளையத்தில் நடத்திக் காட்டுவார்கள் அல்லவா, அந்த நடையையும் எண்ணுங்கள். நிதானமாக நடக்கும் குதிரை ஒரு முழு எட்டு எடுத்துவைக்க ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்தக் காட்சியில் 18 வந்து, பந்தயத்தில் ஐந்து மட்டுமே வந்தால், அது கேமராக்காரர் திட்டமிட்டுச் செய்த வேலை. 12இல் எடுத்த பந்தயம் 18இல் ஓடும்போது ஒன்றரை மடங்கு வேகம். அவர் நினைத்த சிரிப்பு அது. 24இல் ஓட்டினால் இரண்டு மடங்கு. கூடவே பார்வையாளர், பந்தயப் பணம் வாங்குபவர், பிள்ளைவண்டி தள்ளும் அம்மா எல்லாரும் ஓட ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாரும் ஓடினால் குதிரை ஓடுவது எப்படித் தெரியும்? நகைச்சுவை செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்து அரங்குகளில் எடுத்த வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டி ஓட்டியதும் உண்டு, மறுக்கவில்லை. 20தான் சரி என்று நீங்கள் முடிவெடுத்தால் அப்படியே செய்யுங்கள். காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு மூன்றாவது ஃபிரேமையும் இரட்டித்து 18ஐ 24 ஆக்கும் பழைய வழியும் வேண்டாம். ஏழெட்டு ஃபிரேமில் முடியும் பாய்ச்சலில் இரண்டு ஃபிரேம் நின்று போனால் குதிரை நொண்டும். மூலப் பிரதியில் உள்ளபடி ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஃபிரேம் என்று கோப்பைப் பாதுகாத்துவிட்டு, அரங்குக்குத் தேவையான கோப்பை அதிலிருந்து தனியே செய்யலாம். டிஜிட்டல் திரையிடல் தரத்திலேயே 2011 முதல் 16, 20 முதலான பழைய வேகங்களுக்கு இடம் இருக்கிறது. எல்லா அரங்கின் கருவியும் அவற்றை ஏற்காது என்பது தெரியும். அது மூலக் கோப்பையே கெடுப்பதற்குக் காரணம் ஆகாது.

வேகத்தைப் பற்றி மட்டும் பேச நினைத்தோம். ஆனால் அதே பிரதியில் வேறு இரண்டையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பேசும்படத்தின் ஒலித்தடத்துக்கு இடம்விட்டுக் குறுக்கிய சட்டத்தில் (ஃபிரேமில் பிம்பம் பதியும் பரப்பில்) எப்போதோ எடுத்த கறுப்பு வெள்ளை நகலைத்தான் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அதனால் படத்தின் இடது ஓரம் முழுக்கப் போய்விட்டது. வெற்றிக் கம்பம் அந்த ஓரத்தில் நிற்கிறது. எந்தக் குதிரை ஜெயித்தது என்று காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டையை (டைட்டில் கார்டை) படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. லாயத்துக்குள் வில்லன் நுழையும் காட்சி பட்டப்பகலில் எடுத்தது. நீலச் சாயத்தில் தோய்த்த பிரிண்டில்தான் அது இரவு. சாயம் போன நகலில், காவலாளியின் கண்ணெதிரே பகலில் ஒருவன் நடந்து போகிறான், காவலாளிக்குத் தெரியவில்லை. பார்ப்பவர்கள் படமெடுத்தவரை முட்டாள் என்று நினைப்பார்கள். சாயம் தோய்த்த நைட்ரேட் பிரிண்ட் (அக்காலத்து நைட்ரேட் படச்சுருளில் எடுத்த பிரதி) பிழைத்திருக்கும்போது இதை வெளியிட வேண்டிய அவசியம் என்ன?

பெரிய கலைப்படங்களுக்குக் கிடைக்கும் கவனம் இந்தப் படங்களுக்குக் கிடைப்பதில்லை என்ற வருத்தம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. 'டைனமைட் இயக்குநர்' என்று பேர் வாங்கிய ஹாரி பீல் எடுத்த சாகசப் படங்களின் நெகட்டிவ்களில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. மிஞ்சியதும் பிசுபிசுத்து, நுரைத்து, கடைசியில் பழுப்புத் தூளாகும் நைட்ரேட்தான். அந்தப் பிம்பங்களோடு போவது வெறும் வேடிக்கை அல்ல. 1909இல் திறந்த பெர்லின் கிரூனவால்ட் பந்தயத் திடல் இன்று இல்லை. 1936 ஒலிம்பிக்குக்காக எழுந்த விளையாட்டு வளாகம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அந்த மேடைகளும் வளைவுகளும் கூட்டமும் அசைவதை அக்காலத்துப் பிம்பங்களில் மட்டுமே பார்க்க முடியும். ஸ்கேன் முடிந்துவிட்டது என்று மூலப் பிரிண்டைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். தவறான வேகத்திலும் தவறான சட்டத்திலும் எடுத்த ஸ்கேனைத் திருத்த நம்மிடம் இருப்பது அந்தப் பிரிண்ட் ஒன்றுதான்.

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர்க் கிடங்குகளில் வேலை பார்ப்பவர்கள்மீது எங்களுக்கு மரியாதை உண்டு. நிதி ஒதுக்கும் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். ஜெர்மனியில் 2019 முதல் திரைப்பட மரபை டிஜிட்டல் ஆக்குவதற்கென்று ஆண்டுக்கு 1 கோடி யூரோ வரை ஒதுக்கும் திட்டம் நடக்கிறது. மௌனப் படத்துக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தில் நான்கு விவரங்களைக் கட்டாயமாக்குங்கள்: ஸ்கேன் செய்வது எந்தப் பிரிண்டை, முழுச் சட்டமா, மீட்டரில் எவ்வளவு நீளம், வினாடிக்கு எத்தனை ஃபிரேம். 1920 மே மாதத்து ஜெர்மன் திரைப்படத் தணிக்கைச் சட்டத்துக்குப் பின் வந்த படங்களுக்குத் தணிக்கை அட்டையிலேயே நீளம் இருக்கிறது, டைட்டில் கார்டு வாசகங்களும் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வேறு சான்று தேடி அலைய வேண்டாம்.

காப்பகத்தாரிடம் கேட்பது, முதலில் கேட்டதேதான். இந்தப் படத்தின் பிரதியைத் திரும்பப் பெற்று, சாயப் பிரிண்டிலிருந்து முழுச் சட்டத்தில் மறுபடி ஸ்கேன் செய்து, அதற்குரிய வேகத்தில் வெளியிடுங்கள். மறு ஸ்கேனுக்குப் பணம் வரும்வரை, இருக்கும் கோப்பின் வேகத்தையாவது 18க்கு மாற்றுங்கள். அதற்குத் தேவை ஒரு கணினியும் ஒரு மாலை நேரமும்தான்.

மிக்க நன்றியுடன்,
மௌனப் பட ஆர்வலர்கள் சிலர்