முதல் வாரம் எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி திறப்பை ஒட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் முதல் வாரம் திருப்பலி எனும் பூசையிலும் வரவேற்பிலும் கரைந்துவிடுகிறது, பாடம் இரண்டாம் வாரம்தான் தொடங்குகிறது என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் ஒரு பள்ளியின் கால அட்டவணையைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். தங்கள் இதழ் மீது மரியாதை வைத்திருப்பவர்களுக்கு அந்த வரி வலிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுத் தொடக்கத் திருப்பலி ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது. சில பள்ளிகளில் இரண்டு மணி நேரம் ஆகிறது, மறுக்கவில்லை. ஏன் ஆகிறது என்றாவது கேட்டிருக்கலாமே. பெரும்பாலும் நற்கருணையை, அதாவது அர்ச்சித்த அப்பத்தை, வழங்க ஒருவர் மட்டும் நிற்பதுதான் காரணம். ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 10 பேருக்கு வழங்க முடியும். 400 பேர் என்றால் 40 நிமிடம், அதாவது ஒரு முழுப் பாடவேளை. நான்கு பேர் நான்கு இடத்தில் நின்றால் 10 நிமிடத்தில் முடியும். முந்தைய நாளே வகுப்புவாரியாக எண்ணிக்கை எடுத்து அப்பம் வைக்காவிட்டால், பாதியில் பிட்டுப் பிட்டுக் கொடுக்க நேரும். கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளிடம் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், புதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வரிசையில் வந்து நிற்கும். குருவுக்கும் சங்கடம், பிள்ளைக்கும் சங்கடம். தூய ஆவியாருக்கென்று நாமே விரும்பித் தேர்ந்தெடுக்கும் நேர்ச்சித் திருப்பலி, குருவுக்குச் சிவப்புத் திருவுடை என்று முடிவெடுத்துவிட்டு வழிபாட்டு நாட்காட்டியைப் பார்க்காமல் விடுவதும் உண்டு. அன்று திருச்சபை விழாக்களில் மிக உயர்ந்த நிலையான பெருவிழாவாக இருந்தால் அந்தத் திருப்பலியை நிறைவேற்ற முடியாது. கடைசி நேரத்தில் வாசகமும் பாட்டும் மாறும், பயிற்சி எடுத்த மாணவர் கையில் தவறான தாள் இருக்கும். இன்னொன்று, சிறுவர் திருப்பலிக்கான நற்கருணை மன்றாட்டுகள், அதாவது குரு சொல்லும் திருப்பலியின் மையச் செபங்கள். 1974இல் வந்த அந்த மூன்றும் பதின்பருவத்தை எட்டாத பிள்ளைகளுக்கானவை. 15 வயது மாணவர்கள் நிறைந்த பள்ளியில் அதைப் பயன்படுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஈடுபாடே இல்லை என்று குறைபட்டுக்கொள்ளக் கூடாது. இதைத் தங்கள் கட்டுரை கண்டித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

முதல் வாரம் வீணாவது கோயிலில் நடப்பது அல்ல. அட்டவணையில் நடப்பது, அதுவும் பள்ளி திறக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

கணக்கு இதோ. ஆறு வகுப்புகள், வகுப்புக்கு இரண்டு பிரிவு, ஆக 12 பிரிவுகள். பிரிவுக்கு வாரம் 40 பாடவேளை என்றால் மொத்தம் 480. ஓர் ஆசிரியருக்கு வாரம் 28 பாடவேளை கொடுத்தால், 17 பேரைக் கொண்டு 476தான் நிரம்பும். 18ஆவது ஆசிரியர் வேண்டும். 18 பேருக்கு 504, எனவே 24 பாடவேளை மிச்சம். விடுப்பில் இருப்பவரின் வகுப்பை மற்றவர் பார்த்துக்கொள்ள இருக்கும் இடம் அந்த 24 மட்டும்தான். இப்போது கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி எனும் சமயப் பாடம், மற்றவர்களுக்கு நன்னெறி என்று ஒவ்வொரு பிரிவிலும் வாரம் இரண்டு பாடவேளை இரண்டாகப் பிரித்து நடத்தினால், கூடுதலாகத் தேவைப்படுவது சரியாக 24. மிச்சம் பூஜ்யம். முதல் வாரத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வகுப்பு ஆசிரியர் இல்லாமல் உட்காரும். அதைத்தான் தங்கள் செய்தியாளர் பார்த்திருப்பார்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே வகுப்பின் இரு பிரிவுகளுக்கும் அந்த இரண்டு பாடவேளையை ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். இரு பிரிவின் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஓர் அறையில், மற்றவர்கள் அடுத்த அறையில். கூடுதல் ஆசிரியரும் வேண்டாம், கூடுதல் அறையும் வேண்டாம். ஒரு பக்கம் கூட்டம் மிகுந்து அறை கொள்ளாமல் போனால்தான் வேறு யோசனை. ஆனால் இதை முதலிலேயே அட்டவணையில் பதித்துவிட வேண்டும். நகர்த்த முடியாதவை முதலில்: தம் கோயிலின் பங்குப் பணிக்கு நடுவே குரு வரக்கூடிய நேரம், பகுதிநேர ஆசிரியர்கள், ஒரே ஆய்வகத்தைப் பங்கிடும் இரட்டைப் பாடவேளைகள், விளையாட்டுத் திடல். அடுத்து இந்த மறைக்கல்வி, நன்னெறி இணைப்பு. மொழிப்பாடமும் கணக்கும் அதற்குப் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் மறைக்கல்வியை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் செருகும் பள்ளிகளில் அந்த வகுப்பு ஆண்டு முழுக்க நடக்காது. ஒத்திகையும் கூட்டமும் முதலில் விழுங்குவது அதைத்தான்.

மறைக்கல்வி என்றதும் நினைவுக்கு வருகிறது. தங்கள் இதழ் முன்பும் ஒருமுறை அதை மதப்பரப்பல் என்றே எழுதியது. பள்ளியில் மறைக்கல்வி என்ற பெயரில் நடக்கும் சமயக் கல்வியும் பங்குக் கோயிலில் நடக்கும் மறைக்கல்வியும் நெருங்கியவை ஆனாலும் வேறானவை என்று, கத்தோலிக்கக் கல்விக்கான வத்திக்கான் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. மாணவரின் மனச்சான்றையும் குடும்பத்தின் சமயச் சுதந்திரத்தையும் மதிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆசிரியர் அவர்கள் அறியாததல்ல. பாடம் பின்தங்கலாம் என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 806ஆம் சட்டம், கத்தோலிக்கப் பள்ளிகளின் கல்வித்தரம் அந்தப் பகுதியின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று நடத்துபவர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஏழைகள், குடும்பத்தின் அன்பு கிட்டாதவர்கள், விசுவாசம் இல்லாதவர்கள் ஆகியோர்மீது இப்பள்ளிகள் அக்கறை காட்ட வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லேயே சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகள் வந்து சேரும் நாளும் இதே முதல் வாரம்தான்.

ஒவ்வோர் ஆண்டும் ஓர் அருட்சகோதரி மாணவிக்குப் பூங்கொத்து கொடுக்கும் படத்தையே போடுகிறீர்கள். கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினர். பொதுநிலை ஆசிரியர்களுக்கென்றே 1982இல் வத்திக்கானிலிருந்து தனி ஆவணம் வந்தது. அட்டவணை போடுவதும், பதிவேடு திறப்பதும், ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாய்களை எண்ணி வைப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு படத்திலும் அவர்கள் இல்லை.

முதல் நாளில் அலுவலக வாசலில் நீளும் வரிசைக்கும் காரணம் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழில் புனிதர் பெயர் சேர்ந்து இன்னொரு பெயர். முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழில் தலைப்பெழுத்து இடம் மாறிய மூன்றாவது பெயர். சேர்க்கைப் பதிவேட்டில் பிறப்புச் சான்றிதழின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஏற்ற வேண்டும். திருமுழுக்குப் பெயரைத் தனிப் பத்தியில் குறிக்க வேண்டும், உறுதிபூசுதல் எனும் திருச்சடங்குக்கு அது தேவைப்படும். அன்று அவசரத்தில் மாறிய ஓரெழுத்து, பொதுத்தேர்வுச் சான்றிதழ் வரை போய், பிறகு திருத்த மாதக்கணக்கில் அலைய வைக்கும். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்றால் 80 புதுப் பிள்ளைகளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல். இரண்டு எழுத்தர்கள் உட்கார்ந்தாலும் ஒரு பள்ளி நாளில் முடியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு, பள்ளி திறக்க ஆறு வாரம் இருக்கும்போதே ஒரு கால் பக்கம் ஒதுக்கி, மூன்று சான்றிதழ்களையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, வேறுபாடு இருந்தால் அப்போதே அலுவலகத்தில் சொல்லும்படி பெற்றோருக்கு அச்சிடுங்கள். அந்தக் கட்டுரைக்குத் திருத்தம் போடாவிட்டாலும் பரவாயில்லை.

தங்கள் வாசகர்,
கால அட்டவணைப் பொறுப்பாசிரியர்,
ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி